கருப்பி என்கிற செவலை நாய்

வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலுக்கு ஒரு வாசனை உண்டு. கருகிய இரும்பும் காறிப்போன எண்ணெயும் கலந்தாற்போல இருக்கும், மூக்கில் ஏறிவிட்டால் சோறு இறங்காது. நாகல் நகரில் அப்பா நடத்திவந்த டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால்தான் எங்கள் வீடு என்பதால் நான் அந்த வாசனையிலேயே வளர்ந்தவள். ஆனால் இன்றைக்கு எங்காவது அது வீசினால் எனக்கு வண்டி நினைவுக்கு வருவதில்லை, ஒரு நாய்க்குட்டிதான் வருகிறது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் தை மாதத்தில், தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வாய் கட்டிய சாக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போன அம்மாவும் நானும் அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே கிடந்த குட்டிகளில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. "எல்லாம் பொட்டை. அதான் கொண்டாந்து போட்டுருக்காய்ங்க" என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் கடுவன் குட்டியென்றால் தோட்டக் காவலுக்கு ஆள் தேடி வந்து வாங்கிப்போவார்கள், "பொட்டைக்குட்டி"யென்றால், "அது போடுற ஈத்தையெல்லாம் யாரு பாக்குறது?" என்று கையை விரித்துவிடுவார்கள்.

நாங்கள் தூக்கிவந்த குட்டிக்கு உடம்பெல்லாம் சொறி. முடியென்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாளில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒரே நாய் வைத்தியம் "கழிவாயில்", அதாவது வண்டியிலிருந்து இறக்கிய அந்தப் பழைய ஆயில். ஒர்க்‌ஷாப் வாசலில் தகர டின்னில் அது எப்போதும் இருக்கும். சொறிநாய் வைத்திருப்பவர்கள் கொட்டாங்குச்சியோடு வந்து நிற்பார்கள், அப்பாவும் தாராளமாக ஊற்றிக் கொடுப்பார். மகள் கொண்டுவந்த குட்டியாயிற்றே என்று அன்றைக்கு அவரே பிரஷ்ஷை எடுத்து, மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒரு இடம் விடாமல் பூசினார். "அம்புட்டுச் சொறியும் உதுந்துரும் பாருத்தா" என்றார். கன்னங்கரேலென்று நின்ற குட்டிக்கு நான் கருப்பி என்று பெயர் வைத்தேன்.

மறுநாள் காலையில் கருப்பி எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்துவிட்டு, வெடவெடவென்று நடுங்கியபடி கிடந்தது. "ஆயில் வேலை செய்யுது, செத்த நேரம் பொறு" என்று அப்பா சொன்னதைக் கேட்டு நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. குட்டியைத் துண்டில் சுற்றினாள், ஆட்டோவில் என்னையும் ஏற்றினாள், "மாட்டாஸ்பத்திரிக்குப் போப்பா" என்றாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா குட்டியைத் தொட்டதுமே முகம் சிவந்துவிட்டார். "வண்டிக்கு ஊத்துறத உசுருக்குப் பூசுவீங்களா? பூசுனா அது நக்காதா? தோலு வழியாவும் உள்ள போயிருக்கு. பொழைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது." எங்கள் பின்னாலேயே வண்டியில் வந்து சேர்ந்திருந்த அப்பா, கையிலிருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்துப் பிறகு சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவ, தண்ணீர் கறுத்துக் கறுத்து ஓடியது. தினமும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். வீட்டில் நான் ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சியை உறிஞ்சிக் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். அப்பா பாதி வேலையில் எழுந்து எழுந்து வந்து, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் மத்தியானம் அவர் போட்ட கத்தலில் நாங்கள் பதறிப்போய் ஓடினோம். "ஏய், என் செருப்பக் கடிக்கிதுடி! பொழச்சுக்கிருச்சு!" என்று குதித்துக்கொண்டிருந்தார். பல் பதிந்த அந்தச் செருப்பை அவர் வெகுநாள் போட்டுக்கொண்டு திரிந்தார்.

உடம்பு தேறியதும் சொறிக்கு ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முடி முளைத்தபோது பார்த்தால், குட்டி நல்ல செவலை. பெயரை யார் மாற்றுவது? கருப்பி என்றால்தானே அது திரும்பிப் பார்க்கும்! தெருவே எங்களைக் கேலி செய்தது.

கடைசி ஊசி போட்ட அன்று டாக்டரம்மா, "கொஞ்சம் வளந்ததும் கூட்டியாங்க, கருத்தடை ஆபரேஷன் பண்ணிருவோம். கர்ப்பப்பையில சீழ் கோக்குற சீக்கெல்லாம் பின்னாடி வராது" என்றார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு ஈத்தாவது போடட்டும் டாக்டரம்மா. அதோட வம்சத்த அறுத்த பாவம் நமக்கெதுக்கு?" என்றாள். அப்படியொரு அவசியமே நாய்க்குக் கிடையாது என்று அவர் எவ்வளவு சொல்லியும் அம்மா தலையைத்தான் ஆட்டினாள், காதில் வாங்கவில்லை.

அடுத்த தை மாதம் கருப்பி குட்டி போட்டது. கடுவன் குட்டிகளுக்கு அவை கண் திறக்கும் முன்பே ஆள் வந்துவிட்டது, மிஞ்சியதெல்லாம் பொட்டை. அம்மா தெருவில் வீடு வீடாகக் கேட்டாள், சேவுகம்பட்டிச் சொந்தக்காரர் தோட்டத்துக்கும் சொல்லி அனுப்பினாள், யாரும் அசையவில்லை. கடைசியில், அப்பாவிடம் வண்டியை ரிப்பேருக்கு விட வந்த எரியோடு ஊர்க்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், "சாக்குல போட்டுக் குடுங்க மதினி, எங்கூருப் பக்கம் கறிக்கடையோரமா விட்டுர்றேன், பொழச்சுக்கிரும்" என்றார். அம்மா உள்ளே போய் அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்துவந்து தரையில் விரித்தாள்.

கருப்பி குட்டியாக வந்ததிலிருந்து சாக்கில்தான் படுக்கும். விரித்த சாக்கைக் கண்டதும் தனக்குத்தான் என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. குட்டிகள் ஓடிவந்து முட்டி முட்டிப் பால் குடித்தன. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் சட்டென்று அழுகிறவள் இல்லை, அன்றைக்கு அழுதாள். "வேணாம்ண்ணே, நீங்க போயிட்டு வாங்க. இவள எதுக்குள்ளருந்து எடுத்தேன்னு எனக்கே மறந்துபோச்சு பாத்தீங்களா" என்றாள்.

குட்டிகள் பால் மறந்ததும் அம்மாவே கருப்பியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். "நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடாம்ல!" என்று தெரு சிரித்தது. தையலை நக்காதபடி அப்பாவின் பழைய பனியனைக் கருப்பிக்கு மாட்டிவிட்டோம். அதையும் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலில் அது உட்கார்ந்திருந்த மிடுக்கை என்னவென்று சொல்ல! பிறகு, வயது வந்தபோது, எங்களோடேயே வளர்ந்த அதன் மகள்களுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே பனியன்.

கருப்பி வயதாகி, சாக்கில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தது. மகள்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒர்க்‌ஷாப் இருக்கிறது, வாசலில் அந்தத் தகர டின் இல்லை; நாய்க்கு ஆயில் கேட்டு யாராவது வந்தால் அப்பா ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்புகிறார். தை மாதம் வந்தால் ஊரில் எங்காவது சாக்குகள் இன்னமும் முனகத்தான் செய்கின்றன. எங்கள் தெருவில் அந்தச் சத்தம் கேட்டுப் பல வருடம் ஆகிறது.

போன வாரம் எதிர்வீட்டுப் பெரியம்மா அம்மாவிடம் ஆதங்கப்பட்டாள்: "அம்புட்டு நல்ல நாயி. இந்தத் தெருவுல அதோட வம்சத்துல ஒண்ணுகூட இல்லாமப் பண்ணிட்டியே."

"ஆமாக்கா" என்றாள் அம்மா. "சாக்குல போடுறதுக்கும் ஒண்ணுகூட இல்ல."