புஷ்பபாய் காவல் காத்த மண்

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று மற்ற ஊர்களில் கேட்பார்கள். எங்கள் வார்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, மெம்பர்தான் கட்ட வேண்டும். பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் கிடக்கிற இந்த வார்டுக்கு நான் ஐந்து வருடம் மெம்பராக இருந்தவள். ரோடு போட்டேன், தெருவிளக்கு போட்டேன், இரண்டு பேருக்கு வீடு வாங்கிக் கொடுத்தேன். அதெல்லாம் ஒருத்தருக்கும் நினைவில்லை. புஷ்பபாய் அக்காவுக்கும் ஷியாமளாவுக்கும் நடுவில் பூனை வழக்குப் பேசப் போனது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

புஷ்பபாய் அக்கா அமரவிளைக்காரி. பத்தொன்பது வயதில் சத்தியதாஸ் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். பள்ளிக்கூடத்துக் கஞ்சிப்புரையில் இருபத்திரண்டு வருடம் சோறும் பயறும் வைத்தாள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முக்கால்வாசிப் பேர் அவள் விளம்பிய கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். கைப்பக்குவம் நல்லது, வாய்ப்பக்குவம் கொஞ்சம் குறைவு. பயறுச் சட்டியில் வாய் வைக்க வரும் பூனைகளை அகப்பையால் அடித்து விரட்டியே பழகியதால் பூனை என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது.

சத்தியதாஸ் அண்ணன் லாரி டிரைவர். வாரத்தில் நான்கு நாள் ரோட்டில், மூன்று நாள் வீட்டில். வீட்டில் இருக்கும் நாளில் தூங்குவார், அப்படி ஒரு தூக்கம். அவர் தூங்கும் நேரத்தில் இந்தப் பக்கம் போகிறவர்கள் நடையைக்கூட மெதுவாக்கிக்கொள்வோம், அக்காவின் கண்ணுக்குப் பயந்து. போன வருடம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிய ஒரு மத்தியானம் அப்படித் தூங்கப் போனவர் எழும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் ரொம்ப தூரம் போவதில்லை. சர்ச் கல்லறைத் தோட்டம் உண்டென்றாலும் வீட்டை ஒட்டிய சொந்தப் புரையிடத்திலேயே அடக்கம் செய்கிற வீடுகள் நிறைய. அண்ணனை மதில் ஓரம், பலாமரத்து மூட்டில் அடக்கினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஷியாமளாவின் வீடு. அவளும் அவள் புருஷன் ராஜனும் அன்றைக்கு ஓடி ஓடி எல்லா வேலையும் செய்தார்கள். மண் நன்றாக இறங்கின பிறகு கல்லறை கட்டலாம் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

வராதவன் ஒருத்தன்தான், மகன் ஜெனில். அவனும் அவன் பெண்டாட்டி லிஜாவும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். விசா புதுக்கக் கொடுத்திருந்த நேரம், நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அப்பாவை அடக்குவதை போனில் பார்த்து அழுதான். "அம்மா, நான் வந்து ஒரு பிடி மண்ணு போட்ட பொறவு கல்லறை கெட்டினா போரும்" என்றான். அக்கா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மகன் வரும்வரை அந்த மண்மேட்டில் சிமெண்டு படக்கூடாது, குப்பை படக்கூடாது, அவன் பார்க்கும்போது அப்பா நேற்றுப் படுத்தமாதிரி இருக்க வேண்டும். ஒரே மகன், பார்த்து மூன்று வருடம் ஆகிறது. மண் மூடாமல் இருந்தால் அவன் வந்துதானே தீர வேண்டும் என்ற கணக்கும் அவள் மனதில் இருந்தது. வெளியே சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் அம்மிணி வருகிறாள். அம்மிணி ஷியாமளாவின் பூனை. வெள்ளையில் சந்தன நிறத்துத் திட்டு, நடையில் ஒரு மகாராணிக் களை. பூனைக்குக் கல்லறை எது, மரச்சீனிக் கிழங்குப் பாத்தி எது என்று தெரியாது. இளகின மண்ணைக் கண்டால் தோண்டும், காரியத்தை முடிக்கும், மூடிவிட்டுப் போகும். செத்தவர் மேல் பூனைக்குப் பாசம் என்றெல்லாம் அப்புறம் சிலர் கதை கட்டினார்கள். அம்மிணிக்கு வேண்டியிருந்தது கக்கூஸ், அவ்வளவுதான்.

என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் நான்.

"மெம்பறே, எனக்க மாப்பிள நெஞ்சுமேலயாக்கும் இவளுக்க பூச்ச தூறி வச்சிருக்கு! நீங்க பாருங்க!" என்றாள் அக்கா.

"பூச்சைய கெட்டிப் போட அது என்ன பசுவா மெம்பறே?" என்றாள் ஷியாமளா. "சத்தியதாஸ் அண்ணன் இருந்தா இதுக்கு ஒரு வாக்கு பறஞ்சிருக்க மாட்டாரு."

"இருந்தா எதுக்கெடி அது அங்க தோண்டப் போவுது?"

ஷியாமளா பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பூனை வளர்க்கிறவர் பார்த்து வளர்க்க வேண்டும், மண் காக்கிறவர் பார்த்துக் காக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் சாயாத ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நழுவினேன். மெம்பர் வேலையே அதுதானே.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அக்கா மண்மேட்டைச் சுற்றி நாரங்கா முள்ளை வெட்டிப் போட்டாள். அம்மிணி முள்ளுக்கு மேலே தாண்டியது. ஆரஞ்சுத் தோல் போட்டாள், பாச்சை உருண்டை போட்டாள். மிளகாய்ப்பொடி தூவினாள், காற்று திரும்பி அவள் கண்ணிலேயே அடித்து ஒரு மணி நேரம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பாலராமபுரத்துக்குச் சேலை எடுக்கப் போனவள் ஒரு வீட்டு கேட்டில் நீலக்குப்பி தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்தாள். பழைய தண்ணீர்க் குப்பியில் வெள்ளம் நிறைத்து இரண்டு துளி சொட்டுநீலம் விட்டால் நாயும் பூனையும் அந்தப் பக்கம் அண்டாதாம். முப்பது குப்பி தயார் செய்தாள். பாதியைப் பலாக்கொம்பில் கட்டித் தொங்கவிட்டாள், மீதியை மேட்டைச் சுற்றி நட்டுவைத்தாள்.

மறுநாள் காலையில் மேட்டில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் சிரித்தேன். அடுத்த மாதம் என் வீட்டுக் கேட்டிலும் நான்கு குப்பி தொங்கியது, அதை எதற்கு மறைக்க. வார்டு முழுக்க நீலம் பரவியது. எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது அக்காதான்: "துள்ளி ரெண்டு போரும் கேட்டியா, கூடினா கறுத்துப் போவும்." ஷியாமளா வீட்டைக் கடக்கும்போது மட்டும் அவள் குரல் ஒரு படி கூடும்.

அந்த மாதங்களின் மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் சொருகுகிறது. இரண்டு மணி வெயில் பலா இலைக்குள் நுழைந்து குப்பிகளில் இறங்கும். சிவந்த மண்ணின் மேல் நீல வெளிச்சம் விழுந்து அசையும், காற்று வந்தால் ஓடும், நின்றால் நிற்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அக்கா காவல் இருப்பாள். காவல் என்று சொல்வது அவள்தான், தலை தொங்கித் தூங்கிவிடுவாள். ரப்பர்த் தோட்டத்தில் எங்கேயோ காய் வெடிக்கும் சத்தம் வரும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஷியாமளாவின் தையல் மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அரைத்தூக்கத்தில் அக்கா பேசுவாள். "வண்டி வந்தாச்சா?" என்பாள். "சோறு மூடி வச்சிருக்கு" என்பாள். ஒருநாள் நான் ஏதோ பஞ்சாயத்துக் காகிதத்தில் ஒப்பு வாங்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். நீல விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள் நிம்மதியாகத் தூங்குவதுபோல அந்த மேடு கிடந்தது. அதன் கால்மாட்டில், நீலம் ஆடும் இடத்தில், அம்மிணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். விரட்டத் தோன்றவில்லை. எழுப்பவும் தோன்றவில்லை. ஒப்பு வாங்காமலே திரும்பிவிட்டேன்.

மகன் ஓணத்துக்கு வருவதாகச் சொன்னான், வரவில்லை. கிறிஸ்துமஸ் என்றான், அதுவும் போயிற்று. ஐப்பசியில் துலாமழை அடித்துப் பெய்தும் மேடு இறங்கவே இல்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு அதிசயப்பட்டார். "கர்த்தருக்க கிருப" என்றாள் அக்கா. "எனக்க மகன் வாறது வர அவரு அப்பிடியே கெடப்பாரு."

மாசியில் ஷியாமளாவின் மகள் ஸ்மிதாவுக்குத் திருவனந்தபுரத்தில் பிரசவம். ஷியாமளா பன்னிரண்டு நாள் அங்கே போய் நின்றாள். அவள் போன மறுநாள் காலையில் மேட்டின் நடுவில் ஒரு குழி, பக்கத்தில் அம்மிணி வைத்துவிட்டுப் போன காரியம். அக்கா குப்பிகளை எல்லாம் கழுவி, வெள்ளம் மாற்றி, புதிதாக நீலம் விட்டாள். அதற்கு அடுத்த நாள் இரண்டு குழி. ஐந்தாம் நாள் ஒரு கோடைமழை பெய்தது. ஒரு பக்கம் மண் சரிந்து ஒரு சாண் இறங்கிவிட்டது. அக்கா என்னை போனில் கூப்பிட்டாள். குரலில் சண்டை இல்லை. "மெம்பறே, நீங்க ஒண்ணு வாங்க, எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல" என்றாள்.

நான் போகும்போது அவள் மதில் பக்கமாக அந்த வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். மதிலின் அந்தப் பக்கம், ஏறுவதற்கு வாட்டமாக இரண்டு செங்கல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு முழ ஆழத்தில் ஒரு பள்ளம், கொஞ்சம் கொஞ்சமாக மண் கோரி எடுத்த பள்ளம். உள்ளே ஒரு சிரட்டை கிடந்தது, பழைய கரண்டி ஒன்றும் கிடந்தது.

ராஜன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அவ நெதம் அஞ்சரைக்கு எழும்பி அங்கயாக்கும் போறது. பூச்சைக்க அழுக்க கோரிக் களஞ்சிட்டு, புது மண்ணு போட்டு, கையால தடவி விட்டிட்டு வருவா. புஷ்பபாய் அக்காகிட்ட சொல்லப்பிடாதுன்னு எனக்கிட்ட சத்தியம் வாங்கினவளாக்கும். நான் மறந்து பறஞ்சு போட்டேன். போகும்போ என்னையும் செய்யச் சொன்னா, நான் காலத்த எழும்பல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். குப்பிகள் அசைந்தன, நீலம் அவள் மடியிலும் வந்து ஆடியது. நான் இருபது வருடமாக அவளிடம் திட்டு வாங்கியே பழகியவள். அன்றைக்கு ஒரு திட்டு விழாதா என்று இருந்தது. "எட்டு மாசம் மெம்பறே" என்றாள். அவ்வளவுதான்.

ஷியாமளா திரும்பி வந்த அன்றைக்குச் சாயங்காலம் அக்கா அவள் வீட்டுக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஷியாமளா பேரக் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எதைப் பற்றி என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எதுக்கெடி என்கிட்ட பறயாம செய்த?" என்று கேட்டாள் அக்கா.

"பூச்ச எனக்கது. அத அடிச்சு வெரட்ட மனசு வரல்ல. உங்ககிட்ட தோத்துப் போவவும் மனசு வரல்ல." ஷியாமளா மடித்த துணியையே திரும்பவும் மடித்தாள். "பின்ன குப்பி வேல செய்யுதுன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லி நடந்தியளே அக்கா. அண்ணன் போன பொறவு நீங்க சிரிச்சு நான் பாத்தது அப்பமாக்கும். அத நான் எதுக்கு கெடுக்க?"

அக்கா அவள் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு அழுதாள், ஷியாமளாவும் அழுதாள். வழக்குத் தீர்த்த மெம்பர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் அக்கா கூப்பிட்டாள். பலாமூட்டில் மூன்று நாற்காலி. வழக்கமாக அந்த நேரத்துக்குத்தான் ஜெனில் கூப்பிடுவான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ஈஸ்டருக்கும் வர முடியும்னு தோணல்ல" என்று ஆரம்பித்தான். லீவு, விசா, டிக்கெட் என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் பொய் சொல்லவில்லை. அங்கே அவன் படுகிற பாடு எங்களுக்கும் தெரியும். "ஒரு ஆறு மாசம் கூடி அப்பிடியே கெடக்கட்டு அம்மா."

"வியாழக்கிழம கொத்தனாரு வாறாரு மக்கா" என்றாள் அக்கா.

"நான் மண்ணு போடண்டாமா?"

"போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"ஷியாமளா. எட்டு மாசமா நெதம் நேரம் வெளுக்கதுக்கு முந்தி வந்து போட்டிருக்கா. உனக்க பங்கும் சேத்தாக்கும் போட்டது."

ஷியாமளா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஜெனிலின் குரல் வந்தது, சின்னப் பிள்ளை கோபித்துக்கொண்ட குரல்.

"அப்பம் நான் இனி என்னத்துக்கு வரணும்?"

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கஞ்சிப்புரையில் இருநூறு பிள்ளைகளை அதட்டிய குரல் அது, அன்றைக்குத்தான் அதை அவ்வளவு தாழ்வாகக் கேட்டேன்.

"என்னப் பாக்க வா மக்கா. எனக்கு மண்ணு போட வாறதுக்கு முந்தி, என்னப் பாக்க ஒருக்கா வா."

அந்தப் பக்கம் அவன் அழுவது எங்களுக்குக் கேட்டது. அக்கா போனை வைக்கவில்லை. அவன் அழுது முடியும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.