காலண்டர் தாளில் ஒரு வரி

காலை ஆறரை மணிக்குப் பட்டு மாமி வீட்டு ஹாலில் டியூஷன் தொடங்கிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். "லுக் ஆஃப்டர், பார்த்துக்கொள். புட் ஆஃப், தள்ளிப்போடு. கிவ் அப், கைவிடு." சேலையூரில் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த மூன்று வருடத்தில், அருள்மேரியின் துடைப்பம் அந்த ராகத்துக்குப் பழகிப்போயிருந்தது. அவள் ஐந்தாவதோடு நின்றவள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் தப்பாது.

1986 ஆகஸ்டில் அவள் கணவன் சவுரிமுத்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினெட்டு வருடம் பல்லாவரத்துப் பக்கம் கல்குவாரியில் வேலை. அந்தத் தூசு முழுக்க நெஞ்சுக்குள் படிந்திருந்தது. தினமும் ஒன்பதரை மணிக்குப் பெரிய டாக்டர் இரண்டு சின்ன டாக்டர்களோடு வார்டுக்கு வருவார். கட்டிலருகே நின்று அவர்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். இவள் முகத்தைப் பார்த்தால் "பாத்துக்கலாம்மா" என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள்.

ஒருநாள் அந்தப் பேச்சில் தெரிந்த சத்தம் ஒன்று வந்தது. கம் டவுன். பிள்ளைகள் ஒப்பித்தது. இறங்கு. ஜுரம் இறங்கியிருக்கிறது என்று அவளாகவே புரிந்துகொண்டாள். சவுரிமுத்துவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், இறங்கித்தான் இருந்தது.

அதற்கப்புறம் அவள் வீட்டுக் காலண்டரில் அன்றன்றைய தேதித் தாளைக் கிழித்து, ஒரு துண்டுப் பென்சிலோடு கொண்டுபோக ஆரம்பித்தாள். டாக்டர் பேசுவதில் காதில் நின்றதைத் தமிழ் எழுத்தில் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வாள். மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் மாமியிடம் நீட்டுவாள்.

"இது இன்னா மாமி, செட் இன்?"

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டியூஷனுக்காக வார்த்தையும் அர்த்தமும் எழுதிவைத்திருந்த பழுப்பு அட்டை நோட்டைத் திறப்பாள். வார்த்தை தனக்குத் தெரிந்ததாக இருந்தாலும் நோட்டில் பார்க்காமல் சொல்லமாட்டாள். அந்த வரியில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் பேசுவாள்.

"வந்து தங்கிடுத்துன்னு அர்த்தம். சளியைச் சொல்லியிருப்பார். ரெண்டு வார்த்தையும் தனித்தனியா ஒண்ணுமில்லே, சேர்ந்தா வேற ஆயிடும். நாம கைவிடறதுன்னு சொல்றோமே, அதிலே கையா இருக்கு?"

"அப்போ சாவடிக்கிறதுக்குன்னே ரெண்டு ரெண்டா சேத்து வச்சிக்கீறாங்க."

மாமி சிரித்துவிட்டாள். "இதையே நான் பி.யூ.சி. படிச்சப்போ எங்க வாத்தியார்கிட்ட கேட்டிருக்கணும்."

வார்டில் சவுரிமுத்துவுக்கு இது பெருமையாக இருந்தது. பக்கத்துக் கட்டில் சின்னப்பனிடம், "நம்ம வூட்டுக்காரி டாக்டருக்கே பாடம் எடுப்பா" என்பான். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

அவர்களுக்கு ஒரே பெண், ஞானசௌந்தரி. ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவளைக் கேளம்பாக்கத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுரிமுத்து கேட்டான்.

"ஞானத்தை ஒரு தபா இட்டாந்து காட்டு."

"காலாண்டுப் பரீட்சை நடக்குதே."

"ஞாயித்துக்கெழமை இன்னா பரீட்சை? ஒரு தபா பாத்துட்டா போதும்."

மறுநாளே அருள்மேரி கார்டு போட்டாள். வரும் ஞாயிறு காலை வந்து கூட்டிப்போகிறேன், பஸ் நிறுத்தத்துக்கு வந்து நில் என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தபோது கொஞ்சம் அதிக நேரம் நின்றார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சின்ன டாக்டரிடம் மெதுவாக ஒன்று சொன்னார். அது சின்ன வரி. அருள்மேரி ஒரு எழுத்து விடாமல் தாளில் எழுதிக்கொண்டாள். ஐ டோன்ட் திங்க் ஹி வில் புல் த்ரூ.

புதன்கிழமை காலை மாமி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நோட்டு மடியில்தான் இருந்தது.

"இதை யார் சொன்னா?"

"பெரிய டாக்டரு. இந்த புல் த்ரூ நம்ம பசங்க சொல்லி நான் கேட்டதில்லே."

மாமி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பிழைச்சுண்டுடுவான்னு சொல்லியிருக்கார்" என்றாள். உடனே எழுந்து சமையலறைக்குப் போனாள். "இரு, காப்பி குடிச்சுட்டுப் போ."

அருள்மேரி காலையிலேயே அங்கே காப்பி குடித்தாகிவிட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மாமி நோட்டைத் திறக்கவில்லை, விரல் எந்த வரியையும் தொடவில்லை. எப்போதும் திருப்பிக் கொடுக்கிற தாளை மாமி நோட்டுக்குள் செருகிவிட்டாள். அருள்மேரி எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

"டாக்டரு நீ பொழைச்சிக்குவேன்னு சொல்லிட்டாரு" என்றாள் கணவனிடம்.

"யாரு சொன்னா உனக்கு?"

"மாமி சொன்னாங்க. புக்குலயே போட்டுக்கீது."

புக்கில் போட்டிருந்ததாகச் சொன்னது அவளுடைய சொந்தப் பொய். சவுரிமுத்து அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ ஞானம்?"

"பரீட்சை முடியட்டும்யா. பத்து நாளு. லீவுல வந்து உன் கூடவே குந்திகினு இருக்கட்டும். இப்போ அவசரமா இட்டாந்தா இன்னாவோ ஏதோன்னு பயந்துடும்."

இப்போதே கூட்டி வந்தால் மாமி சொன்னது பொய் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. இன்னொரு கார்டு போட்டு மகளிடம் பஸ் நிறுத்தத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லலாம் என நினைத்தாள். அதையும் நாளைக்கு, நாளைக்கு என்று விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். சவுரிமுத்து அன்றைக்கு மகளைப் பற்றிக் கேட்கவில்லை. வார்டு வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையை மட்டும் திருப்பினான்.

திங்கட்கிழமை விடியும்போது இறந்துபோனான்.

ஞானசௌந்தரி பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே அத்தையோடு வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்த பிறகு அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நேத்து மூணு மணி வரைக்கும் பஸ் ஸ்டாப்புல நின்னேன். ஏம்மா வரலே?"



பதினாறு நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். பிள்ளைகள் போன பிறகு மாமி நோட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தேறுவான்னு எனக்குத் தோணலைன்னுதான் சொல்லியிருந்தார், அருள்மேரி. எனக்கு உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாய் வரலே."

"தெரியும் மாமி."

"எப்படி?"

"நோட்டைத் தொறக்கலியே நீங்க."

மாமியின் கண் கலங்கியது. "அப்போ பொண்ணைக் கூட்டிண்டு வந்திருக்கலாமேடி."

"வந்திருக்கலாம்." அருள்மேரி கையை நீட்டினாள். "அந்தத் தாளைக் குடுங்க மாமி. ஞானம் பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருந்ததுக்கு நான் பதில் சொல்லணும்."

அன்று சாயங்காலம் மாடம்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்து அறையில் தாளை மகளிடம் கொடுத்தாள். டாக்டர் சொன்னது, மாமி சொன்னது, தான் பார்த்தது, தன் பொய் எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி சொன்னாள். அவள் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை.

ஞானசௌந்தரி அந்த வரியை வாய்க்குள் படித்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 16, செவ்வாய் என்று இருந்தது. அவள் விரலை மடக்கினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஐந்தாவது விரலில் நின்றவள், அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமல் தாளை நான்காக மடித்துத் தன் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.