தனக்கொடி விட்ட வண்டி

கிருமாம்பாக்கத்துத் தனக்கொடிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் வரை கடிகாரம் பார்க்கத் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? கடலூர் ரோட்டில் முதல் பஸ் போனால் எழுந்திருக்கணும், பள்ளிக்கூட மணி அடித்தால் கழனிக்குக் கஞ்சி கொண்டுபோகணும். அவ்வளவுதானே! புருஷன் அய்யனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. நம் பக்கத்தில் அந்த நாட்டுச் சிப்பாய்க்கு அப்படித்தான் பெயர். லீவில் வருவான், நாலு நாள் சினிமா, கறிக்குழம்பு, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

எழுபத்தெட்டில் வந்தபோது தனக்கொடி பிடித்த பிடியை விடவில்லை. தன்னையும் அழைத்துப்போகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

"பாரீஸ்ல எறங்கி தனியா ரயிலு புடிச்சி வரணும் புள்ளே. எனக்கு அப்ப லீவு தர மாட்டான். உனுக்கு மணி பாக்கத் தெரியுமா? போர்டு படிக்கத் தெரியுமா? எங்கியாச்சும் தொலைஞ்சிட்டன்னா நான் எங்கன்னு தேடுவன்?"

"கத்துக்கிட்டன்னா?"

"கத்துக்கோ, டிக்கெட்டு எடுக்கறன். இல்லன்னா இங்கியே அம்மாகூட இரு." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாகூரில் சிநேகிதி வேலம்மாள் இருந்தாள். பிரான்சில் குடும்பம் நடத்துகிறவள், பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். தனக்கொடி போய் நின்றதும், வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து முறத்தைக் கவிழ்த்தாள். சாக்கட்டியால் வட்டமாக எண்களை எழுதினாள். துடைப்பக் குச்சி இரண்டை உடைத்து முள்ளாக வைத்தாள்.

"இது இன்னா மணி?"

"மூணு."

"பகல்னா மூணுன்னு சொல்லக்கூடாதுடி. கேன்ஸ் ஏர். பதினஞ்சி மணி."

"அடிப்பாவி! மொறத்துல பன்னெண்டுதான இருக்குது? பதினஞ்சு எங்கேருந்து மொளைச்சிச்சி?"

"மத்தியானத்துக்கு மேலயும் அவங்க வுடாம எண்ணிக்கினே போவாங்க. நீயும் எண்ணு."

எண்ணினாள். நாற்று நடும்போது எண்ணினாள், மாடு கறக்கும்போது எண்ணினாள். "திசெட் ஏர், பதினேழு மணி!" என்று கோழிகளை அதட்டிக் கூண்டில் அடைத்தாள். வேலம்மாள் கொண்டுவந்திருந்த பழைய ரயில் அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு, தெபார் என்றால் கிளம்புவது, அரிவே என்றால் வந்து சேர்வது என்று விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். வேலம்மாளின் குழந்தையைத் தொட்டிலில் போடுவதற்குள் எந்த வண்டியைக் கேட்டாலும் டக்கென்று சொன்னாள்.

டிசம்பரில் டிக்கெட்டும் வந்தே விட்டது. மாமியார் தையலம்மாள் நெற்றியில் திருநீறு பூசினாள். "எந்த வண்டியில ஏறுனாலும் ராகு காலம் பாத்து ஏறுடி. எம்புள்ளகிட்ட நல்லபடியா போயி சேரணும்."

"சரிங்கத்த."

பாரீஸ் ஸ்டேஷனில் புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, குளிரில் பல் தந்தியடிக்க, அந்தப் பெரிய பலகைக்கு முன்னால் நின்றாள். புருஷன் சொன்ன ஊரின் பெயர், அதற்கு நேரே நேரம். ஒன்ஸ் ஏர் தீஸ். பதினொன்று பத்து! யாரையும் கேட்கவில்லை, தானே படித்துவிட்டாள். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் பொறி தட்டியது. ஐயையோ, இன்றைக்கு வெள்ளிக்கிழமை! பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் ஆயிற்றே! பலகையில் மறுபடி தேடினாள். பன்னிரண்டு பதினாலுக்கு அடுத்த வண்டி இருந்தது. நல்லவேளை, படிக்கத் தெரிந்ததே! புருஷன் சொன்ன வண்டி கண்ணெதிரே கிளம்பிப் போனது. பெட்டிமேல் உட்கார்ந்து அதை நிம்மதியாக வழியனுப்பிவைத்தாள்.

அவள் போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. பிளாட்பாரப் பெஞ்சில் அய்யனார் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எங்கடி போன? முன்வண்டியில பொட்டி பொட்டியா ஏறித் தேடுனனே! தொலைஞ்சேபோயிட்டன்னு நெனச்சன்."

"நான் எங்க தொலைஞ்சன்? அந்த வண்டி ராகு காலத்துல பொறப்படுதுங்க. போர்டைப் படிச்சி நல்ல வண்டியாப் பாத்து வந்தன்."

அய்யனார் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடியே, ராகு காலத்தைச் சூரியன் மொளைக்கறதுலேருந்துதான எண்ணணும்? இங்க இந்தக் குளுருல எட்டரைக்கு மேலதான் சூரியனே எட்டிப் பாக்குது. பகலே எட்டு மணி நேரந்தான், ஒன்னரை மணிக்குப் பதிலா ஒரு மணி நேரந்தான் ராகு காலம், அதுவும் பதினொன்னே முக்காலுக்குத் தள்ளிப்போவுமில்ல? நீ வுட்டதுதான் நல்ல வண்டி. ஏறிக்கினு வந்தது சரியான ராகு காலத்துல!"

தனக்கொடி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆமாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டவள், தன் தோளை இன்னும் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தைக்குக் காயிதம் போடும்போது இத எழுதாதீங்க."

"பின்ன இன்னான்னு எழுதறது?"

"வந்து சேந்தது நல்ல நேரம்னு எழுதுங்க. அதுல பொய்யில்லியே?"