கேமராவுக்குள் மாட்டிக்கொண்ட குரல்

புதுக்கோட்டை பேருந்து நிலையம் அருகே, ஒரு கேமரா நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் கையிலும் நல்ல கேமரா வைத்த போன் வந்துவிட்டது. ரிப்பேருக்கு வரும் கேமராக்கள் குறைந்துகொண்டே போயின. பாதிப் பகல் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு பகலில் கடற்கரையோர மீமிசலிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா ஒரு சின்னக் கேமராவை மேசைமேல் வைத்தார்.

"எங்க மகன் துபாய்லேருந்து வந்தப்ப கொண்டாந்தது தம்பி. இவுக ஏலம் கூறுறத இதுல வீடியோ எடுத்தான். அத மட்டும் எடுத்துக் குடுங்க. கேமரா போனாப் போகுது."

கணவர் மீன் ஏலம் விடுகிறவர். பக்கவாதம் வந்ததில் பேச்சு நின்றுபோயிருந்தது.

"இவுக சத்தம் போட்டா ரோட்டுல போற பஸ்ஸுக்குள்ள கேக்கும்" என்றார் அந்த அம்மா. கணவர் என்னைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கேமராவைத் திறந்தேன். உள்ளே மெமரி கார்டு இல்லை. கார்டு போடாமல் எடுத்தால், அந்த மாடலில் படம் கேமராவின் சர்க்யூட் போர்டிலேயே பதியும். அந்தப் போர்டை உப்புக்காற்று பச்சையாக அரித்திருந்தது.

"பாக்குறேன்மா. உறுதியாச் சொல்ல முடியல" என்றேன்.

"நீங்க பாத்தாப் போதும் தம்பி" என்றார். அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்தியது.

நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். அந்த மாடலுக்கான சேவை முடிந்துவிட்டது, வாடிக்கையாளர் புதிய கேமரா வாங்கினால் தள்ளுபடி உண்டு என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் திருச்சியில் ஒரு ஹோட்டலுக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். மேலதிகாரி திரையில் படம் போட்டு விளக்கினார். சின்னக் கேமராவைப் போன் விழுங்கிவிட்டது, நம் நிறுவனம் இனி மருத்துவமனைக் கருவிகளுக்கான லென்ஸில் இறங்குகிறது, மாறாவிட்டால் மூடவேண்டியதுதான் என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய் மீமிசல் கேமராவைப் பற்றிச் சொன்னேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"பாவமாத்தாங்க இருக்கு. ஆனா அந்த மாடல் பாத்த டீமே இப்ப இல்ல. நான் யாருகிட்டக் கேப்பேன், சொல்லுங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகமும் என் முகத்தைப் போலத்தான் வழி தெரியாமல் இருந்தது.

சென்னையில் அழிந்த பதிவுகளை மீட்டுத்தரும் ஓர் இடத்துக்குப் போர்டை அனுப்பிப் பார்த்தேன். முடியாது என்று திரும்பி வந்தது. இடையில் அந்த அம்மா போன் செய்யும்போதெல்லாம், "பாத்துக்கிட்டிருக்கேன்மா" என்றே சொல்லிவைத்தேன்.

கடைசியில் இருவரையும் வரச்சொன்னேன். அதற்குள் எங்கள் சென்டரை நடத்துகிறவர் பாதிச் சுவரில் விற்பனைக்குப் போன்களை மாட்டியிருந்தார்.

"எடுக்க முடியலம்மா. எல்லா வழியிலயும் பாத்துட்டேன்."

அந்த அம்மா அழவில்லை. "ஒரு வார்த்தைகூட வராதா தம்பி?" என்று கேட்டார்.

"வராதும்மா."

அந்த அம்மா சுவரிலிருந்த போன்களைப் பார்த்துவிட்டு, கணவரின் தோளைத் தொட்டார். "இங்கிட்டு பாருங்க. தம்பி இப்பப் புதுசா எடுக்கட்டும். வாரதச் சொல்லுங்க. நம்ம மகன் கேக்க ஆசப்படுறான்ல."

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. என் போனை எடுத்து கணவர் முன்னால் நீட்டினேன். திரையில் அவர் முகம் நரைத்த மீசையோடு அத்தனை துல்லியமாகத் தெரிந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்தது. தொண்டைக்குள்ளிருந்து காற்று மாதிரி ஏதோ கிளம்பியது. உடனே இடது கையை உயர்த்தி, உள்ளங்கையால் லென்ஸை மூடிவிட்டார். நான் போனைத் தாழ்த்தியும் அவர் கையை எடுக்கவில்லை.

"சரி, வேணாம். வேணாம்ங்க" என்று அந்த அம்மாதான் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டார்.

செத்துப்போன கேமராவை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "வாரோம் தம்பி" என்றார். இருவரும் சாலையைக் கடக்கும்வரை வாசலில் நின்றேன். உள்ளே யாரோ போனுக்குக் கண்ணாடி ஒட்டவேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன்.