மானிட்டரில் ஒட்டிய சீட்டு

எங்கள் கம்பெனியில் ஆர்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் வாயிலிருந்து ‘பிரச்சினை’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், தங்கமான குணம். காலையில் நான் உள்ளே நுழைந்ததும், “ஒண்ணுமில்லீங்க மேடம், நீங்க மொதல்ல காப்பி குடிங்க” என்பார். அப்படிச் சொன்னால் கம்ப்யூட்டர் செத்துப்போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று பொருள். “கொஞ்சம் பாத்தாப் பரவால்லீங்க” என்றால் நேற்று சாயங்காலமே போய்விட்டது. ஏன் நேற்றே எனக்குப் போன் செய்யவில்லை என்று கேட்டால், வேலை முடித்து வீட்டுக்குப் போனவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்பார். இந்த மரியாதையில் எனக்கு ரத்தக் கொதிப்பே வந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்யும் சின்னக் கம்பெனி அது. கம்ப்யூட்டருக்கு என்று இருந்த ஒரே ஆள் நான். லினக்ஸ் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், போன் வழியாக வேறு கம்ப்யூட்டரோடு பேச ஒரு மோடம், அதற்கென்று தனியாக ஒரு போன் லைன். வெளியூர் டீலர்கள் தங்கள் கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே அந்த எண்ணுக்குப் போட்டு ஆர்டரை இறக்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் அழைப்பை எடுக்கும் புரோகிராமை எழுதியவள் நான்தான். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் லைனில் இரைச்சல் வந்தால் அந்தப் புரோகிராம் செத்துவிடும். எதனால் என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை, அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

செத்தால் திரும்ப ஓட்டுவதற்கு மூன்று வரி அடிக்க வேண்டும். அதை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். எதையும் தொடப் பயந்துகொண்டிருந்த ஆர்டர்க்காரரை உட்காரவைத்து, ஒரு நாள் நன்றாகவே சத்தம் போட்டு, அதைப் பார்த்து அடிக்கப் பழக்கினேன். பாவம், பழகிக்கொண்டார். அப்புறமும் முக்கால்வாசிக் கஷ்டம் தீரவில்லை. அது செத்தது முதலில் யாருக்காவது தெரிய வேண்டுமே? திரையில் ஒரு மாற்றமும் இருக்காது. டீலர் இரண்டு முறை போட்டுப் பார்ப்பார், எடுக்காவிட்டால் நம்மவர்கள் வேலையாக இருக்கிறார்கள் போல என்று விட்டுவிடுவார். வெளியூரானாலும் அவரும் எங்கள் ஆர்டர்க்காரர் மாதிரிதான். வெயில் காலத்தில், கிணற்றில் தண்ணீர் இறங்கி எல்லோரும் பம்பு கேட்கும் நேரத்தில், அந்த ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும்.

அந்த வருடம் நான் வாயும் வயிறுமாக இருந்தேன். முதல் பிரசவம், அதனால் அம்மா வீட்டில்தான். அம்மா வீடு கோபிசெட்டிபாளையம். மூன்று மாத லீவு கேட்டு முதலாளியிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, இளநீர் வரவழைத்துக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

“லீவு தாராளமா எடுத்துக்க அம்மணி. ஆனா சீசன்ல மெசின் நின்னுபோச்சுன்னா நா வேற ஆளத்தான் பாக்கோணும். அப்பறம் ரெண்டு பேரு இங்க தேவப்படாது. தப்பா எடுத்துக்காத.”

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? இளநீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு எதற்கு வேலை என்று கேட்க எங்கள் இரண்டு வீட்டிலும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். வேலை ஒரு தடவை கையைவிட்டுப் போனால் திரும்பப் போக விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆக, நான் இல்லாத மூன்று மாதமும் அந்த மெஷின் நிற்காமல் ஓட வேண்டும்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து, மற்ற புரோகிராம்களை எல்லாம் எழுப்பிவிடும் ஒரு புரோகிராம் உண்டு. பெயர் இனிட். எங்களிடம் இருந்த இனிட், ஷிப்ட் மணியை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும் ஆள் மாதிரி. எல்லாவற்றையும் கிளப்பிவிடும், அப்புறம் எது விழுந்தது என்று திரும்பிப் பார்க்காது. பார்க்கச் சொல்ல அதிலேயே ஒரு வழி இருந்தது, அதையும் முயன்றேன். ஆனால் மழை பெய்து லைன் இரைந்தால் என் புரோகிராம் ஒரு நிமிடத்தில் பத்துத் தடவைக்கு மேல் செத்தது. இனிட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘அடிக்கடி விழுகிறது, ஐந்து நிமிடம் எழுப்பமாட்டேன்’ என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. மழை நாளில் இப்படி ஐந்து ஐந்து நிமிடமாக அரை நாள் போய்விடும். கோபித்துக்கொள்ள நான் ஒருத்தி போதாதா?

கோயம்புத்தூரில் அப்போதுதான் வந்திருந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில் உட்கார்ந்து, வேறொரு இனிட்டை இறக்கி ஃபிளாப்பியில் எடுத்து வந்தேன். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதி இலவசமாக வைத்திருந்தார். அதன் வழி வேறு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் பக்கத்தில் ஒரு காவல் ஆளை உட்கார வைக்கும். புரோகிராம் விழுந்தால் ஒரு விநாடியில் எழுப்பிவிடும். நூறு தடவை விழுந்தாலும் முகம் சுளிக்காது. எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு எழுந்தது என்று ஒரு ஃபைலில் எழுதியும் வைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு விடுமுறை. எட்டு மாத வயிற்றோடு மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே என்னைச் செருகிக்கொண்டு பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். மெஷினை மறுபடி போட்டதும் பாதி வரைக்கும் வந்து, இனிட்டையே காணவில்லை என்று சொல்லி அப்படியே உறைந்துவிட்டது. இருந்த ஒரு மெஷினையும் கெடுத்துவிட்டேன், நாளைக் காலையில் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகை வந்தது. வயிற்றுக்குள் இருந்தது வேறு ஓங்கி ஒரு உதைவிட்டது. இப்படி ஆனால் மெஷினைக் கிளப்ப என்று முன்யோசனையாகத் தயாரித்து வைத்திருந்த இன்னொரு ஃபிளாப்பியைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்தால், புதிய ஃபைலுக்கு ஓடுவதற்கான அனுமதியைக் கொடுக்க மறந்திருக்கிறேன். ஒரே ஒரு வரி. அதை அடித்ததும் கம்மென்று எழுந்துகொண்டது. என் புரோகிராமை நானே வேண்டுமென்று கொன்று பார்த்தேன், எழுந்தது. இருபது தடவை கொன்றிருப்பேன், இருபது தடவையும் எழுந்தது. வீட்டுக்குப் போய்த் தட்டு நிறையச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு ஆர்டரும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. ஆர்டர்க்காரரைக் கேட்டதற்கு ஒண்ணுமில்லீங்க என்றார். புதன்கிழமை மதுரை டீலர் ஆபீஸ் எண்ணுக்கே கூப்பிட்டு, உங்கள் கம்ப்யூட்டர் எடுக்கிறது, எடுத்து ஏதோ உளறுகிறது, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நான் போய்ப் பார்த்தேன். என் புரோகிராம் இரண்டு பிரதி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மோடத்தை இரண்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்றைப் புதிய இனிட் ஓட்டியது. இன்னொன்றை யார் ஓட்டினார்கள்?

ஆர்டர்க்காரர் மெதுவாக எழுந்து நின்றார்.

“நாந்தானுங்க. நீங்க மாசமா இருக்கீங்க, எதுக்கு அலையோணும்னு திங்கக்கெழம காலைல வந்ததும் நானே அடிச்சுப்போட்டனுங்க. சீட்டுல இருக்கறாப்லயே.”

மானிட்டரின் ஓரத்தில் அந்தச் சீட்டு என் கையெழுத்தில் அப்படியே ஒட்டியிருந்தது. மெஷினின் அடிமடியில் இருந்த புரோகிராமையே மாற்றிய மகராசி, கண்ணுக்கு நேரே இருந்த காகிதத்தைக் கிழிக்கவில்லை. அவரைத் திட்ட வாயைத் திறந்தேன், எனக்கு உபகாரம் செய்ய நினைத்த மனிதரை என்னவென்று திட்டுவது? என் தலையில்தான் அடித்துக்கொண்டேன். சீட்டை உரித்துத் திருப்பி, பின்பக்கத்தில் ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று எழுதி அதே இடத்தில் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் பேனாவால் அதன் முன்னால் ‘தயவுசெய்து’ என்று சேர்த்திருந்தார். வெறுமனே வேண்டாம் என்றால் யாராவது மனம் வருத்தப்படுவார்களாம்.

அந்த வாரக் கடைசியில் நான் கோபிக்குப் போய்விட்டேன். போகும்போது அவரிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். வாரம் ஒருமுறை அந்த நேரக் குறிப்பு ஃபைலைப் பிரிண்ட் எடுத்து வைக்க வேண்டும்.

பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். எனக்கோ காது முழுக்கக் கூடத்தில் இருந்த போன் மேல். கம்பெனியிலிருந்து போன் வரவில்லை. முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் வாரம் சந்தேகம் வந்தது. மெஷின் ஓடுவதால் கூப்பிடவில்லையா, பிரசவித்தவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கூப்பிடவில்லையா? வேறு ஊர்க்காரர்கள் கூப்பிடாமல் இருந்தால் எல்லாம் நல்லபடி என்று நம்பலாம். எங்கள் ஆட்களை எப்படி நம்புவது? நானே ஒருமுறை கூப்பிட்டேன், ஆர்டர்க்காரர்தான் எடுத்தார். ஒண்ணுமில்லீங்க மேடம், நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க என்றார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. வேறு ஆள் வைத்துவிட்டார்கள், சொல்லச் சங்கடப்படுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அதைவிட இன்னொன்று உறுத்தியது. மெஷின் நன்றாகவே ஓடுகிறது என்றால், அப்புறம் நான் எதற்கு? என் கையாலேயே என் வேலையைத் தேவையற்றதாக்கிவிட்டேனோ? அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை இங்கேதான் பார்க்கிறேன் என்றாள்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு ஆர்டர்க்காரர் குழந்தையைப் பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ், ஆப்பிள், குழந்தைக்கு ஒரு சட்டை. பத்து நிமிடம் என் உடம்பை விசாரித்தார், அப்பாவின் வாழைத் தோப்பை விசாரித்தார், பஸ் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். என் பொறுமை போய்விட்டது. மெஷின் ஓடுகிறதா, ஒண்ணுமில்லீங்க என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். அவர் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். ஓரத்தில் ஓட்டை போட்ட பிரிண்டர் காகிதம், பிரித்தால் கட்டிலின் கால்மாடு வரை நீண்டது.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். விழுந்தது, எழுந்தது. விழுந்தது, எழுந்தது. மழை நாள் ஒன்றில் ஒரே பக்கம் முழுக்க விழுந்து விழுந்து எழுந்திருந்தது. கரண்ட் போன இடத்தில் ஒரு இடைவெளி, கரண்ட் வந்ததும் தானே தொடங்கியிருந்தது. இவ்வளவு நடந்ததில் ஒன்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் இத்தனை நாளும் சத்தியமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போய் என் அம்மாவைக் கூப்பிட எழுந்தார், உட்காருங்கள் என்றேன்.

கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். சொல்ல மறந்துவிட்டாராம்.

“நம்ம ரெண்டாவது யூனிட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் மெசின் வந்திருச்சுங்க மேடம். மூணு வாரமாச்சு. டப்பாவப் பிரிக்கவே வேண்டாம்னுட்டாருங்க மொதலாளி. நீங்க வந்துதான் பிரிக்கோணுமாம்.”

மூன்று வாரமாக இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். அவரை பஸ் ஏற்றிவிட அப்பா போனார். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, போன் இருந்த கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன். பட்டப்பகல். அம்மா வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.