எழுபது கிலோ ஆண்

மைசூரு மருத்துவக் கல்லூரி ஒன்றில், நோயுற்ற இதய வால்வு வழியே ரத்தம் ஓடும் விதத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது ஈவ்லினின் வேலை.

மார்டள்ளி கிராமத்தில் களையெடுக்கும் லிங்கம்மாவுக்கு நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. வால்வு சுருங்கினால் ஏறும் இருபக்க அழுத்த வேறுபாடு குறைவு, மாத்திரை போதும் என்று மருத்துவர் சற்றுமுன் ஊருக்கு அனுப்பிவிட்டார். கணினியோ அந்த வேறுபாட்டை மூன்று மடங்காகக் காட்டியது.

"உன் கம்ப்யூட்டருக்குத்தான் வால்வு போயிடுச்சு," என்று சிரித்தார் உடன் வேலை பார்க்கும் கிங்ஸ்லி.

உள்ளே கொடுத்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த ஈவ்லின் துள்ளி எழுந்தாள். "அண்ணா, ரத்த ஓட்டம்னு எழுபது கிலோ ஆம்பளையோட கணக்கு இருக்கு! லிங்கம்மாக்கா முப்பத்தெட்டு கிலோ. மனுசன்னா ஆம்பள மட்டுந்தானா?"

லிங்கம்மாவின் இதயம் உண்மையில் தள்ளும் அளவைக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். மருத்துவர் அளந்த எண் அப்படியே வந்தது! ஆனால் இரண்டு முறையும் வால்வு ஊசித்துளை அளவே திறந்தது. அழுத்த வேறுபாடு குறைந்தது ரத்தம் குறைவாக வந்ததால். வால்வு நன்றாக இருந்ததால் அல்ல.

மருத்துவர் இருமுறை ஓட்டிப் பார்த்தார். "ஆபரேஷன்தான். அவங்கள உடனே கூப்பிடும்மா."

ஈவ்லின் போனில் கத்தினாள். "அக்கா, பஸ்ஸ விட்டு எறங்குங்க!"

"டிக்கெட் வாங்கிப்போட்டனே கண்ணு!"

"பொம்பளைங்களுக்கு ப்ரீ டிக்கெட்டுதானே, கிழிச்சுப் போட்டுட்டு வாங்க!"