மில் முதலாளியின் அப்பாவுக்கு ஒரு குர்பிலாஸ்

கணபதி ஏரியாவில் இந்தி ட்யூஷன் எடுப்பவள் நான். போன வருடம் சிங்காநல்லூர் மில் முதலாளி ஒருவர் தடித்த புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். லூதியானா வியாபாரி பரிசாகக் கொடுத்ததாம். சீக்கிய குருமார்களின் வாழ்க்கையைப் பாட்டாகச் சொல்லும் குர்பிலாஸ் நூல். கீழே இந்தி உரை இருந்தது.

"டீச்சர், இதைத் தமிழ்ல சொல்லுங்க. எங்கப்பாவோட எண்பதாவது பொறந்தநாளுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சுபோடலாமுங்க."

சொன்னேன். மாடு மேய்க்கப் போன இடத்தில் சிறுவனான முதல் குரு தூங்கிவிட, வெயில் படாமல் நாகம் படமெடுத்து நின்ற கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது அப்பாவுக்கு அப்படியே பொருந்துமுங்க. உடுமலைப்பேட்டைல எங்க தோப்புல இல்லாத பாம்பாங்க?"

அரசனும் ஆண்டியும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் இடம் வந்தது. "அதை உட்ருங்க. விழாவுல விஐபி பந்தி தனியாப் போடறோமுங்க."

ஒன்பதாவது குரு, வேற்று மதத்தாரின் வழிபாட்டு உரிமைக்காகத் தன் தலையையே கொடுத்த பகுதியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காரியத்துல தலை போற பாட்டு எதுக்குங்க?"

ஆக, தியாகமும் சமத்துவமும் போய் அதிசயம் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து நானும் ஒரு பாட்டு கட்டிக் கொடுத்தேன். விழா மேடையில் என்னையே வாசிக்கச் சொன்னார்கள். தென்னந்தோப்பில் நாகம் குடை பிடித்த வரிக்குக் கைதட்டல் அடங்கவே நேரமானது. அப்போது மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பெரியவர், மகனிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பாம்பு என்னையக் கடிச்சுபோட்டுதுங்க. கால் வீங்கிப் படுத்த படுக்கையாக் கெடந்தேன். தோப்புல வேலை செஞ்ச ஆளுதான் என்னையத் தோள்ல தூக்கிட்டு வைத்தியர் ஊட்டுக்கு ஓடுனான். எங்கய்யன் அவனை எங்க ஊட்டு வாசப்படி ஏற உடலீங்க. வெளிய நிக்க வெச்சே கஞ்சி ஊத்துனாங்க. அவனைப் பத்தி ரெண்டு வரி போடுங்க."

முதலாளி சிரித்தபடி மைக்கை வாங்கிக்கொண்டார். "அப்பாவோட தன்னடக்கம் பாத்தீங்களா?" மறுபடியும் கைதட்டல். பெரியவர் மகனைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டார்.

மறுநாளே அந்தத் தோப்பு ஆளைப் பற்றி எட்டு வரி எழுதி முதலாளிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. சில வாரம் கழித்து வழவழப்பான தாளில் அச்சான புத்தகம் கூரியரில் வந்தது. வேறொரு கவிஞர் திருத்தியிருந்தார். அதில் பாம்பு கடிக்கிறது, விஷம் ஏறவில்லை. கடித்த பாம்பு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புற்றுக்குத் திரும்புகிறது. தூக்கிக்கொண்டு ஓட யாரும் தேவைப்படவில்லை.